மேஸ்திரி பதம்

கேரியர் அக்காவை எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியும். அவருடைய வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். வயதில் அவரைவிட நான் நன்றாகவே மூத்தவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எதிர் வங்கியின் காசாளரும் அக்கா என்கிறார், காசாளரின் தாயாரும் அக்கா என்கிறார். ஒரு முறை அக்காவைப் பெற்ற அம்மாவே தொலைபேசியில் "கேரியர் அக்கா வீடுங்களா?" என்று கேட்டதாக அக்காவின் நாத்தனார் சொல்வார். அதை நான் காதால் கேட்கவில்லை. நாத்தனார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அக்கா சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். வங்கி, அச்சகம், மருந்துக்கடை, உதிரிப்பாகப் பட்டறை என்று சுற்றிலும் உள்ள இடங்களுக்கு மதியம் நாற்பது கேரியர் போகும். இந்தத் தொழிலை அவர் தேடிப் போகவில்லை. கணவர் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், அவர் கேரியரைத் திறந்தால் நாலு பக்கத்திலிருந்தும் கரண்டி நீளுமாம். மனிதர் தினமும் பசியோடு வீடு திரும்பியிருக்கிறார். கட்டியவன் வயிறு நிறைய வேண்டுமென்றால் கரண்டி நீட்டுகிறவர்களுக்கும் சேர்த்துச் சமைப்பதுதான் வழி என்று அக்கா முடிவு செய்தார். நான்கு கேரியர் பத்தாயிற்று, பத்து நாற்பதாயிற்று. கடைசியில் கணவர் பட்டறையை விட்டுவிட்டு கேரியர் வண்டி ஓட்ட வந்துவிட்டார்.

கீழ்த்தளத்தின் முன்கூடம்தான் சமையல்கூடம். சுவரோரமாக மூன்று அடுப்பு, மூன்று பெரிய குக்கர். எதிர்ச்சுவரில் ஆணிகளில் கேரியர்கள் தொங்கும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் மூடியிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு: வங்கிக்குச் சிவப்பு, அச்சகத்துக்கு ஊதா, பட்டறைக்கு ரோஜா நிறம். பட்டறைக்காரர்கள் ரோஜா நிறத்தை மாற்றச் சொல்லி இன்றுவரை மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நகப்பூச்சு தீரட்டும்" என்பது அக்காவின் பதில். அது தீர்வதாகத் தெரியவில்லை.

அந்தக் கூடத்தின் இரண்டு ஜன்னல்களில் ஒன்றின் வழியாகத்தான் ஒரு மதியம் மேஸ்திரி வந்தது.

சாம்பல் நிற உடல், மஞ்சள் கொண்டை, கன்னத்தில் உருண்டையாக ஆரஞ்சு நிறப் பொட்டு. நேராகப் பறந்து வந்து, கரண்டிகள் தொங்கும் கம்பியில் உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தது. யார் வீட்டுப் பறவையோ என்று தெருவெல்லாம் விசாரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டினார். யாரும் தேடி வரவில்லை. பறவை விற்கிறவர் பார்த்துவிட்டு, இது காக்கட்டீல் என்ற வெளிநாட்டுக் கிளி என்று சொல்லி, ஒரு கூண்டும் கொடுத்தார். அக்காவின் கணவர் அந்தப் பெயரை வழியிலேயே தொலைத்துவிட்டு, பட்டறைக்குப் போய், "நம்ம வீட்டுக்கு காக்டெய்ல் வந்திருக்கு, சாயங்காலம் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை நான்கு பேர் குளித்து, தலை வாரி, வாசலில் வந்து நின்றதை நானே மாடியிலிருந்து பார்த்தேன். கூண்டைக் காட்டியதும் அவர்கள் முகம் போன போக்கையும் பார்த்தேன்.

மேஸ்திரி என்று பெயர் வைத்தது நாத்தனார். அவர் காய் நறுக்குகிறவர். கத்தியைக் கீழே வைத்து இடுப்பை நிமிர்த்தினால் போதும், கம்பியிலிருந்து ஒரு கத்தல் வரும்.

"பாருங்க அண்ணி, மேல உக்காந்துக்கிட்டு வேலை வாங்குது. கட்டடத்துல மேஸ்திரி நிப்பானே, அதே மாதிரி. பொழுதுக்கும் ஒரு துரும்பைக் கூட நகத்தல, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

"உன்னையும் அதட்ட ஒரு ஆள் வேணும்தானேடி?" என்றார் அக்கா.

அன்று முதல் நாத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் ஏழாம் பொருத்தம். அக்காவுக்கோ அது பிள்ளை மாதிரி. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதன் கொண்டையை ஒரு விரலால் தடவுவார். வேலை முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டு உட்காரும்போது அது அவர் தோளில் வந்து உட்கார்ந்து, காதோரத்து நரைமுடியை ஒவ்வொன்றாக அலகால் கோதும். "இந்த வீட்ல எனக்குத் தலைவாரி விடுறது இது ஒண்ணுதான்" என்று கணவர் காதில் விழும்படி சொல்வார்.

மேஸ்திரி பேசாது. விசில்தான் அடிக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே குக்கர் விசிலைக் கற்றுக்கொண்டது. சும்மா அல்ல, பக்கத்தில் நின்று கேட்டாலும் எது குக்கர், எது பறவை என்று பிரிக்க முடியாது. அதற்கு ஒரு ஒழுங்கும் இருந்தது. குக்கர் புஸ்ஸென்று மூச்சுவிடத் தொடங்கியதும், குக்கருக்கு முன்பே ஒன்று அடிக்கும். பிறகு குக்கர் இரண்டு அடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு இன்னொன்று அடிக்கும். அவ்வளவுதான். நான் பல அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். அத்தனை ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டவர்களை அங்கே பார்த்ததில்லை.

விளைவு என்னவென்றால், மூன்று விசிலில் வேக வேண்டிய பயறு இரண்டே விசிலில் இறங்கியது. வங்கிக் காசாளருக்குப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் பெயர்ந்து வந்தது. பயற்றை அச்சகத்துக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக மேசையில் சுண்டி விளையாடினார்கள். அக்கா கூண்டைக் கொல்லைப்புறம் வைத்துப் பார்த்தார். மேஸ்திரி இரை எடுக்காமல் சத்தியாக்கிரகம் செய்தது. மறுநாளே கூண்டு கூடத்துக்குத் திரும்பியது.

"சரி, அது அடிக்கிறது ரெண்டுதானே? நாமளும் ரெண்டு கூட்டிக்குவோம். பயறுக்கு இனிமே அஞ்சு" என்று தீர்ப்பளித்தார் அக்கா. சோற்றுக்கும் இரண்டு கூட்டு, கிழங்குக்கும் இரண்டு கூட்டு. பதம் மறுபடி பழைய பதமாயிற்று. காசாளர் புதிய சிமெண்ட் அடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஆண்டு இப்படி ஓடியது. பயறுக்கு அஞ்சு விசில் என்பது அந்த வீட்டில் கிழக்கே சூரியன் உதிப்பது மாதிரி ஆகிவிட்டது. அது ஏன் அஞ்சு என்று கேட்க யாருக்கும் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிற்று. எனக்கும் தோன்றவில்லை, தினமும் மாடியில் கேட்டுக்கொண்டே இருந்தும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை, அக்கா கூண்டுத் துணியை விலக்கியபோது மேஸ்திரி தரையில் கிடந்தது. கொண்டை படுத்திருந்தது. நோயும் இல்லை, நொடியும் இல்லை, வயதாகிவிட்டது. கொல்லைச் சுவரோரமாகக் குழி தோண்டியது கணவர். உள்ளே வைத்தது அக்கா. நாத்தனார் வரவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எந்தக் குழம்புக்கும் அவ்வளவு வெங்காயம் தேவையில்லை என்று பிறகு அக்காவே சொன்னார்.

அக்கா அழவில்லை. நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், கையைக் கழுவிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டார். கேள்விப்பட்டவர்கள் ஆறுதல் சொல்லத்தான் செய்தார்கள். மருந்துக்கடைக்காரர், "ஒரு பறவைதானே அக்கா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். காசாளர், "நல்லவேளை, இனிமே வீடு அமைதியா இருக்கும்" என்றார். அக்கா எல்லாருக்கும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்து ஈரத்துணியால் அடுப்பைத் துடைப்பார். துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பார்.

அன்றிலிருந்து சாப்பாடு குழைந்தது.

சோறு களியாயிற்று. பயறு கூழாயிற்று. கிழங்கை வெளியே எடுத்தால் கரண்டியிலேயே மசிந்து போயிற்று. அக்கா பயறு வாங்கும் கடையை மாற்றினார், குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றினார், தண்ணீரை அரைக் குவளை குறைத்தார். எதுவும் எடுபடவில்லை. ஆட்கள் அக்காவிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் வண்டி ஓட்டுகிறவர் தலையில்தான் விடிந்தது.

"அண்ணே, நாளைக்கு ஸ்பூன் வேணாம், ஸ்ட்ரா வெச்சு அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள் பட்டறையில்.

"போஸ்டர் ஒட்டப் பசை தீந்து போச்சுன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தோம். தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றார்கள் அச்சகத்தில்.

மனிதர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வீட்டில் வந்து, "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க" என்பார். எல்லாக் கேரியரும் பாதி கூடக் காலியாகாமல் திரும்பி வருவதை அக்கா பார்க்கமாட்டாரா?

எனக்கு மட்டும் குறையில்லை. எனக்குப் பல்செட். இருபத்திரண்டு ஆண்டில் முதல்முறையாகப் பயற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இந்த நேரம் பார்த்துப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவமனையிலிருந்து, ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க முடியுமா, ஒரு நாள் ருசி பார்க்க அனுப்புங்கள் என்று தலைமைச் செவிலியர் கேட்டனுப்பினார். பழைய அக்காவாக இருந்தால் அன்றைக்கே புது நகப்பூச்சு வாங்கியிருப்பார். இப்போது கணவரைக் கூப்பிட்டு, "வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்க" என்றார்.

"ஏன் வேணாம்?"

"என் கை போச்சுங்க. கைப்பக்குவம்னு ஒண்ணு இருந்துச்சு, அது மேஸ்திரியோட போயிருச்சு. இந்த மாசத்தோட அடுப்பை அணைச்சுரலாம்னு இருக்கேன். நீங்க பட்டறையிலயே திரும்பக் கேட்டுப் பாருங்க."

இதை அவர் அழுது சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை, உப்புத் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னார் என்று கணவர் என்னிடம் சொன்னார். அன்று முதலில் நிரப்பிய கேரியர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு நான் கீழே இறங்கினேன். அடுப்பை அணைக்கப் போகிறார் என்றால் எனக்கும் நஷ்டம்தானே. எதையும் மாற்ற வேண்டாம், இப்போது இருப்பதே நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். கூடத்தில் அக்கா பயற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் தரையில் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். மூலையில் காலிக் கூண்டு.

"வாங்க மாடி ஐயா. உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் என் சமையல் பிடிக்குது. பல்லு இருக்கறவங்க யாருக்கும் பிடிக்கல" என்றார் அக்கா.

"அண்ணி, நீங்க அடுப்பை அணைச்சிட்டா நான் எங்க போறது? எனக்குக் காய் நறுக்கறதத் தவிர என்ன தெரியும்?"

"வாய் இருக்கேடி. வக்கீல் ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க."

"அந்தக் கூண்டையாவது முதல்ல தூக்கிப் போடுங்க. பாத்தாலே பத்திக்கிட்டு வருது. இருந்தப்பவும் என் உயிரை வாங்குச்சு, போயும் வாங்குது" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டிருக்கும்போது குக்கர் புஸ்ஸென்று மூச்சுவிடத் தொடங்கியது. அவர் குனிந்த தலை நிமிராமல், கத்தியை நிறுத்தாமல், பழக்கதோஷத்தில் ஒரு அதட்டல் போட்டார்:

"ஏய், வாயை மூடு மேஸ்திரி! கேட்டுச்சு!"

அப்போதுதான் குக்கர் முதல் விசில் அடித்தது.

அக்கா சுவரைப் பார்த்தபடி விரலை மடக்கி, "ரெண்டு" என்றார்.

நாத்தனார் நிமிர்ந்தார். "ஒண்ணுதானே அண்ணி அடிச்சுது?"

"நீ திட்டினியே, அப்ப ஒண்ணு அடிச்சுதுல்ல…"

அக்கா பேச்சை அங்கேயே நிறுத்தினார். மடக்கிய இரண்டு விரலைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார்.

"அது எங்கடி அடிச்சுது?"

குக்கர் இரண்டாவது அடித்தது. அதன் பின்னால் ஒன்று வர வேண்டும், வரவில்லை. அந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலியாக இருந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் கேட்டது.

"அய்யோ, அது ரெண்டு, குக்கர் மூணு… அதானே அஞ்சு! நாந்தானேடி கூட்டினேன்!" என்றார் அக்கா. "அது போயிருச்சு. நான் அதோட ரெண்டையும் சேத்து அடுப்பை எரிய விட்டுக்கிட்டு இருக்கேன்!"

"அடி ஆத்தாடி" என்று கத்தியைப் போட்டார் நாத்தனார். "நீங்க கண்ணுல ஒரு சொட்டு விடலையேன்னு நான் கூட அண்ணிக்குக் கல்மனசுன்னு நினைச்சேன். சோறு அழுதிருக்கு அண்ணி உங்களுக்குப் பதிலா!"

மூன்றாவது விசில் அடித்தது. அக்கா எழுந்து அடுப்பை அணைத்தார். ஆவி அடங்கும் வரை மூவரும் குக்கரைச் சுற்றி, பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். மூடியைத் திறந்தார். பயறு முழுசு முழுசாக, தோல் லேசாக விரிந்து கிடந்தது. கேரியர் வண்டி ஏறுவதற்கு முன் அக்கா எதையும் வாயில் வைப்பதில்லை. அன்று ஒன்றை எடுத்து, விரலால் நசுக்கி, வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே சிரிக்கத் தொடங்கினார். நாத்தனாரும் சிரித்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே பசை காய்ச்சி அனுப்பியதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் திரும்பியது என்று தெரியவில்லை. பார்த்தால் அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நாத்தனார் அதைவிடச் சத்தமாக அழுதார்.

"நீ ஏன்டி அழற? உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே!"

"ஆகாதுதான்! அதுக்காகச் செத்துப் போகச் சொன்னேனா?"

இந்த நிலையில் கணவர் உள்ளே வந்தார். அடுப்படியில் இரண்டு பெண்கள் அழுதுகொண்டும், மாடிக் கிழவன் பயறு தின்றுகொண்டும் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேங்க! ரெண்டு விசில் கூட வெச்சிருக்கேன்! என் கை எங்கயும் போகல. ஓடிப்போய் அந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட…" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மனிதரின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று.

"நான் வேணாம்னு சொல்லல."

"அப்ப?"

"சொல்லத்தான் போனேன். கையில உன் கேரியர் இருந்துச்சு. அந்தம்மா என்னதுன்னு திறந்து பாத்துட்டாங்க. பாத்துட்டு ஒரு வாய் சாப்பிட்டாங்க. சாப்பிட்டுட்டு, 'இத்தனை நாளா எங்க இருந்தீங்க'ன்னாங்க."

"அந்தக் களியையா?"

"ஆமா. மெல்ல முடியாத, முழுங்கக் கஷ்டப்படற நோயாளிங்க வார்டு ஒண்ணு இருக்காம். அங்க கொடுக்கறதை யாரும் வாயில வைக்கறதில்லையாம். இவ்வளவு குழைவாவும் இருந்து, சாப்பாடு மாதிரியும் இருக்கறது இப்பத்தான் பாக்கறேன்னாங்க. ஊழியர் சாப்பாடு அப்புறம், முதல்ல நாளையிலேருந்து அந்த வார்டுக்கு இதே பதத்துல வேணும், துளி கூட மாறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "இப்பத்தானேங்க சரி பண்ணினேன்!"

"கெடுக்கவும் தெரியும்தானே அண்ணி, மறுபடி கெடுங்க" என்றார் நாத்தனார்.

இப்போது மூன்று குக்கரில் ஒன்று அஞ்சு விசிலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் மூன்று விசிலுக்கு. கேரியர் மாறிவிடக் கூடாது என்பதற்காக மருத்துவமனை மூடிகளில் மஞ்சள் பொட்டு, அதன் கீழே 'மேஸ்திரி' என்று நாத்தனார் கையெழுத்து. எனக்கும் மஞ்சள் பொட்டுத்தான். வார்டில் அதற்கு 'மேஸ்திரி பதம்' என்றே பெயராகிவிட்டது. இன்று மேஸ்திரி பதமா, சாதாவா என்று மருத்துவர்களே கேட்கிறார்களாம். இது கணவர் சொன்னது. ஒரு நாள் நானும் கூடப் போய்க் காதால் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

போன வாரம் ஒரு முற்பகல், கேரியர்கள் கிளம்பிய பிறகு, வாசலில் ஒருவர் வந்து நின்றார். லாரி ஓட்டுநர். விபத்தில் தாடை எலும்பு உடைந்து, பல்லோடு பல் கம்பி கட்டி, வார்டில் நெடுநாள் கிடந்தவர். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். வாயை அதிகம் திறக்காமல் பேசினார்.

"மேஸ்திரி வீடு இதுங்களா? அவரைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அவர் சமையலைக் கரைச்சுக் குடிச்சுத்தான் எழுந்து நிக்கிறேன்."

அக்கா வாயைத் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டார். "அவரு தவறிட்டாருங்க."

ஓட்டுநர் பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "அடடா. எப்ப?"

"வருஷத் தொடக்கத்துல."

அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியாம வந்து கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க அம்மா. ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

இந்தக் கேள்வியை யாரும் அதுவரை அக்காவிடம் கேட்டதில்லை. "இல்லப்பா. தூக்கத்துலயே போயிட்டாரு."

"புண்ணியவான். எவ்வளவு காலம் உங்களோட?"

"பன்னெண்டு வருஷம். அடுப்பு பத்தவெச்சதுலேருந்து அணைக்கற வரைக்கும் கூடவே நிப்பாரு."

"சாப்பாட்டுலயே தெரியுதே அம்மா, ஒரு பக்குவமான ஆளுன்னு."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தவறான தகவல் நிலைத்துவிடக் கூடாது என்பது என் சுபாவம். ஆனால் அக்காவே செல்பேசியை எடுத்து, ஒரு படத்தைத் தேடி, ஓட்டுநரிடம் நீட்டினார். கரண்டிக் கம்பியில், கொண்டையைத் தூக்கிக்கொண்டு, கீழே யாரையோ அதட்டும் முகத்தோடு மேஸ்திரி.

ஓட்டுநர் படத்தைப் பார்த்தார். பக்கத்தில் யாராவது மனிதர் நிற்கிறாரா என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு புரிந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்க வைக்காதீங்கம்மா, கம்பி எடுத்து ரெண்டு நாள்தான் ஆவுது!"

"நாங்களா வெச்சோம்? நீங்களா வந்து கும்பிடறேன்னீங்க" என்றார் நாத்தனார்.

வலி அடங்கியதும் ஓட்டுநர் படத்தை மறுபடி வாங்கி, இந்த முறை நிதானமாகப் பார்த்தார். "மேஸ்திரிக்கு உண்டான முகம்தான். இவருகிட்ட யாரும் வேலையில ஏமாத்த முடியாது" என்றார். பறவை என்று தெரிந்த பிறகும் அவர் 'இவரு' என்றே சொன்னார்.

அக்கா ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டார். ஒரு ஆரஞ்சை உரித்து, கொட்டை நீக்கி, சுளையைப் பிழிந்து, ஒரு குவளையில் கொடுத்தார்.

"உக்காருங்க. அன்னிக்கு மதியம், இதோ இந்த ஜன்னல் வழியாத்தான்…" என்று தொடங்கினார்.

"அந்த ஜன்னல் இல்ல அண்ணி, இது" என்றார் நாத்தனார்.